பிரெஞ்சுச் சாவி

எங்கள் கிடினியாவில் இதற்குப் பெயர் பிரெஞ்சுச் சாவி.
கடல் தாண்டினால், டேனிஷ்காரர்களுக்கு ஸ்வீடன் சாவி.
கப்பலோடு பழுதுபார்க்க வந்து இறங்கும் ஸ்பானியர்கள்
இங்கிலாந்துச் சாவி எங்கே என்று கேட்பார்கள்.
பெற்றவன் நான் என்று எவனும் சொல்வதில்லை,
அடுத்த வீட்டைக் கைகாட்டுகிறான்.
திறக்க ஒரு கதவுகூட இல்லாத சாவி.

முன்பு வைத்திருந்ததை
மாடிவீட்டு லெஷெக் இரவல் வாங்கினான்.
அதன் மண்டையால் ஆணி அடித்தான்.
போதாதென்று கைப்பிடியில் இரண்டடிக் குழாயைச் செருகித்
தொங்கினான் போலிருக்கிறது.
கொட்டாவி விட்டு மூட மறந்த வாயோடு
திரும்பி வந்தது.
"வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்றான்.
மூன்று குளிர்காலம்
படிக்கட்டில் ஒதுங்கி ஒதுங்கிப் போனோம்.

புதியதை, அதாவது யாரோ பழசாக்கியதை,
சனிக்கிழமைச் சந்தையில் வாங்கினேன்.
போர்வை மேல் கொட்டிக் கிடந்த இரும்பு.
கடைக்காரர் பளபளப்பாக ஒன்றை நீட்டினார்.
முகம் பார்க்கவா வாங்குகிறேன்?
தாடையைப் பாதி திறந்து
அசையும் பாகத்தைக் கட்டைவிரலால் ஆட்டினேன். லொடலொட.
அடுத்தது, திருகு சுற்றும்போது நடுவில் விக்கியது.
அடுத்ததை மூடி வானத்துக்கு நேரே பிடித்தேன்,
உதடுகளுக்கிடையே ஆப்பு வடிவில் வெளிச்சம். வேண்டாம்.
"குதிரை வாங்க வந்தவள் மாதிரி
பல்லைப் பிடித்துப் பார்க்கிறாயே அம்மா."
கோட்டுப் பையிலிருந்து நான் கொண்டுபோன நட்டை எடுத்துக்
கவ்வக் கொடுத்தேன்.
எட்டு அங்குலக் கறுப்பு ஒன்று
கவ்வியது; தலைகீழாக்கியும் விடவில்லை.
பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன் காசை.

ஜனவரி. மைனஸ் பதினான்கு.
என் கூரையில் ஓர் ஈரக்கறை
லாட்வியா அளவுக்கு வளர்ந்து
எஸ்தோனியாவைத் தொட்டபோது மேலே போனேன்.
ரேடியேட்டருக்கு அடியில் சூப்புப் பாத்திரத்தை ஏந்தியபடி
மண்டியிட்டிருந்தான் லெஷெக்.
எனக்கு மரை கழண்டுவிட்டது என்று
குடியிருப்பு முழுக்கச் சொன்னவன்.
இப்போது கழண்டிருந்தது அவனுடையது,
நிஜமாகவே, வால்வுக்குப் பக்கத்தில்.

தண்ணீரை அடைத்தேன்.
திருகை உருட்டி உருட்டி
நட்டின் இரண்டு கன்னமும் தொடும்வரை தாடையை நெருக்கினேன்.
ஒரு குலுக்கு. இன்னும் ஒரு பல் இடம் இருந்தது, அதையும்.
பாரம் அசையாத தாடை மேல் விழும்படி பிடித்து
என் பக்கமாக இழுத்தேன்.
தள்ளக்கூடாது. தள்ளி வழுக்கினால்
சுவர் உன் முட்டி எலும்பை எண்ணிவிடும்,
துறைமுகத்தில் நான் இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்.
கால் சுற்று. நிறுத்தினேன்.
"இன்னும் கொஞ்சம், ஹால்ஷ்கா" என்றான்.
அந்த இன்னும் கொஞ்சத்தில்தான் செத்தது முந்தையது.
நான் ஒன்றும் சொல்லவில்லை. சாவியைப் பார்த்தேன்.
அவன் பாத்திரத்தைப் பார்த்தான்.
சொட்டு நின்றிருந்தது.

"குளியலறையிலும் ஒன்று ஒழுகுகிறது.
கொடுத்தால் நானே..."
கை நீண்டிருந்தது.
"சாவி தனியாக வராது" என்றேன். "நான் வருகிறேன்."

நள்ளிரவு தாண்டி இறங்கினேன்,
ஒரு கையில் சாவி, இன்னொன்றில்
அவன் திணித்த ஊறுகாய்க் காளான் ஜாடி.
படுக்குமுன் துணியால் ஈரம் துடைத்தேன்.
பழைய பல்துலக்கியால்
திருகின் பள்ளத்தில் அப்பிய அவன் வீட்டுத் துருவைக் கிண்டினேன்.
தையல் மெஷின் எண்ணெய், ஒரே சொட்டு.
முழுக்கத் திறந்து, முழுக்க மூடி,
எண்ணெய் உள்ளே போனதும்
மிச்சத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினேன்.

லாட்வியா காய்ந்துவிட்டது,
பழுப்பு எல்லைக்கோடு மட்டும் பாக்கி.
ஏப்ரலில் வெள்ளையடிக்க வேண்டும்.
பிரஷ்
லெஷெக்கிடம் இருக்கிறது.